சேற்றில் ஒரு கணக்கு

எங்கள் எதிர் வீட்டுப் பெண் பூகர்ப்ப சாஸ்திரம் படிக்கிறாள். கோடை விடுமுறையில், கோவாவில் ஒரு கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கப்பல், டால்பின், நடுக்கடலில் சூரியோதயம் என்று என்னென்னவோ கற்பனையோடு ரயில் ஏறினாள். போன அன்றே அவள் கையில் எதைக் கொடுத்தார்கள் தெரியுமோ? ஒரு சல்லடையும் கொஞ்சம் சேறும்!

"வீட்டில் ஒரு டம்ளர் கழுவாதவள், அங்கே போய்ச் சேறு கழுவுகிறாளாம்!" என்று அவள் தாயார் சொல்லிச் சிரித்தாள்.

அது சாதாரணச் சேறு அல்ல, வாசகர்களே. ஆழ்கடல் தரையில் நீண்ட குழாயை இறக்கி எடுத்த சேறு. அதை ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லை வில்லையாக நறுக்குவார்கள். கரையிலிருந்து வெகு தூரத்தில் அந்த ஒரு சென்டிமீட்டர் படிய ஆயிரம் வருஷங்கூட ஆகலாம். 0.063 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசினால் களிமண் ஓடிவிடும். தங்குவது ஒரு சிட்டிகை மணல். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலோ, அதில் குட்டிக் குட்டி ஓடுகள்! ஃபொராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் சுண்ணாம்பு வீடுகள். ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஓட்டிலுள்ள ஆக்ஸிஜன் வகைகளின் விகிதத்தை அளந்தால், அக்காலக் கடலின் சூட்டையும் பனிப் பெருக்கத்தையும் ஊகிக்கலாம். 1955-ல் சிஸாரே எமிலியானி என்ற விஞ்ஞானி இப்படித்தான் பனியுகங்களின் ஏற்ற இறக்கத்தை எழுதிக் காட்டினார்.

இரண்டாவது வாரம் வந்தது வினை. உலர வைத்த இரண்டு கிண்ணங்களின் சீட்டுகள் கழன்று கிடந்தன. எது எந்த வில்லை? யாரும் பார்க்கவில்லை. உத்தேசமாக ஒட்டிவிடலாம். சொன்னால் சான்றிதழ் போய்விடுமோ? இரவெல்லாம் தூக்கமில்லை.

காலையில் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டாள். அவர் கோபிக்கவில்லை. நோட்டில் இரண்டு வரிகளை அடித்துவிட்டு, "படத்தில் ஓர் இடம் காலியாக இருந்தால் பார்ப்பவனுக்குத் தெரியும். பொய் இருந்தால் தெரியாதே, அம்மா!" என்றாராம்.

ஊர் திரும்பியவளிடம், "கப்பல் ஏறினாயா?" என்று கேட்டேன்.

"இல்லை, மாமா. ஆனால் சேறு கழுவ நன்றாக வரும்!" என்றாள்.

வீட்டு வரவு செலவில் கணக்கு உதைக்கும்போது, 'சில்லறைச் செலவு' என்று எழுதி நேர் செய்கிறோமே, நீங்களும் நானும்? நேற்று நான் அந்த இடத்தைக் காலியாக விட்டேன். மூன்று ரூபாய்தான். என் மனைவிக்கு ஒரே ஆச்சரியம்!