புது வீட்டுச் சுவர் வெடித்தால் யாரிடம் கேட்பது?

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் எமது அங்கத்தவர் ஒருவர் மழைக்காலத்தில் சங்கக் காரியாலயத்துக்கு வந்தார். போனில் தன் புது வீட்டுப் படங்களைக் காட்டினார். யன்னல் மூலையிலிருந்து கூரை வரை சாய்வாக ஒரு வெடிப்பு. குசினிப் பக்கம் நிலம் இறங்கி, சுவருக்கும் தரைக்கும் நடுவே விரல் போகும் அளவுக்கு இடைவெளி. பின்கதவு பூட்டுப்படவில்லை. வீடு கையளிக்கப்பட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அவர் கேட்காமல் இருக்கவில்லை. தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துவிட்டு, "பூச்சுத்தான் வெடித்திருக்கிறது" என்றார். கொந்தராத்துக்காரர், "வேலையை முடித்து ஒப்படைத்துவிட்டேன்" என்றார். ஒப்படைக்கப்பட்ட நிறுவனம், "நீங்கள் திருப்தி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்றது. தோட்ட நிர்வாகமோ, "அது இப்போது எங்கள் வீடு இல்லை" என்றது. அந்த அக்கா தீபாவளி முற்பணத்தில் சீமெந்து வாங்கி மூன்று தடவை வெடிப்பை அடைத்தார். மூன்று தடவையும் அதே இடத்தில் திறந்தது.

அவர் கையெழுத்துப் போட்டது உண்மைதான். திறப்பு விழா அன்று, மாலையும் மேளமுமாக இருந்த நேரத்தில், சாவியோடு சேர்த்து ஒரு கடதாசியை நீட்டினார்கள். அது தமிழில் இல்லை. எல்லோரும் போட்டார்கள், அவரும் போட்டார். இந்த இடத்தில் நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மேடையில் எமது சங்கத்தின் ஆட்களும் இருந்தார்கள். அந்தக் கடதாசியில் என்ன இருக்கிறது என்று நாமும் வாசிக்கவில்லை.

லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறையாகக் கிடந்த குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கிடைப்பது சின்ன விஷயமில்லை. அதனால்தான் குறை சொல்ல வாய் வருவதில்லை. "தந்த வீட்டில் குற்றம் கண்டுபிடிக்கலாமா?", "அடுத்த கட்டத்தில் என் மகனுக்கு வீடு கிடைக்காமல் போய்விடுமோ?" என்ற பயம் எமது ஜனங்களிடம் இருக்கிறது. ஆனால் கொந்தராத்துக்காரர் அந்த வீட்டை யாருக்கும் தானமாகக் கட்டவில்லை. கட்டியதற்குப் பணம் வாங்கியிருக்கிறார். வாங்கிய பணத்துக்கு வேலை சரியாக இருக்கிறதா என்று கேட்பது நன்றி கெட்டதனம் ஆகாது. இதை நாம் முதலில் எமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அதில் முதல் 1,300 வீடுகளுக்கு அடிக்கல் வைக்கப்பட்டது 2024 பெப்ரவரியில். இடையில் ஏழு வருடம் போய்விட்டது. 2022 நெருக்கடியில் 1,000 ரூபா அளவில் இருந்த சீமெந்து மூட்டை 2,500 ரூபாவையும் தாண்டியது. ஒரு வீட்டுக்கான இந்திய உதவி 28 இலட்சம் ரூபாவாகக் கூட்டப்பட்டது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. அடுத்த மாதமே டித்வா புயல் வந்து பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்துப் போட்டது. ஆகவே இனி வரும் வருடங்களில் எமது பக்கத்தில் நிறைய வீடுகள் கட்டப்படும், அதுவும் அவசரமாகக் கட்டப்படும். அவசர வேலையில் என்ன நடக்கும் என்பது எமக்குத் தெரியும்.

மலையில் வீடு வெடிப்பதற்கான காரணத்தை எமது பாஸ்மாரே சொல்வார்கள். சரிவில் 550 சதுர அடி வீட்டுக்கு இடம் எடுக்க வேண்டுமானால் மேல்பக்கத்து மண்ணை வெட்டிக் கீழ்ப்பக்கத்தில் நிரப்ப வேண்டும். வீட்டின் முன்பாதி கெட்டி மண்ணிலும் பின்பாதி நிரப்பிய மண்ணிலும் நிற்கும். நிரப்பிய மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்காவிட்டால் முதல் பெருமழையோடு அது இறங்கும். அத்திவாரத்தின் ஒரு பக்கம் இறங்கினால் சுவர் சாய்வாகக் கிழியும். அதற்கு மேல், கூரைத் தண்ணீர் போகக் கான் இல்லை, வெட்டிய மண்ணைத் தாங்கக் கல் சுவர் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம். பல இடங்களில் கானும் கல் சுவரும் மதிப்பீட்டிலேயே இருப்பதில்லை. "அதைப் பயனாளி செய்துகொள்ள வேண்டும்" என்கிறார்கள். நாட்சம்பளத்தில் கல் சுவர் கட்ட முடியுமா?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் காணியைப் பார்த்து அனுமதி கொடுத்திருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அந்த அறிக்கையில் காணிக்கான நிபந்தனைகளும் இருக்கும். எவ்வளவு உயரத்துக்கு வெட்டலாம், தண்ணீரை எப்படி வெளியேற்றுவது என்பதெல்லாம் அதில்தான் வரும். பெக்கோ இயந்திரம் வந்து வெட்டிய பிறகு அந்த நிபந்தனைப்படி வேலை நடந்ததா என்று யார் பார்த்தது? அந்த அறிக்கையின் பிரதி எமது தோட்டங்களில் எத்தனை குடும்பங்களிடம் இருக்கிறது?

கடதாசி அலுவலகத்தில் இருந்து பயனில்லை என்பதை மீரியபெத்தை எமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரியக்கூடும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மலை இறங்கியபோது எமது ஜனங்கள் அந்த லயங்களில்தான் இருந்தார்கள். தப்பியவர்களுக்கு மாக்கந்தை மக்கல்தெனியப் பகுதியில் 75 வீடுகள் கையளிக்கப்பட இரண்டு வருடம் சென்றது.

உமா ஓயாவையும் மறக்க வேண்டாம். 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாயத் தொடங்கிய பிறகு பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 2017இல் சனங்கள் பண்டாரவளையில் வீதிக்கு இறங்கினார்கள். இப்படியான நேரத்தில் வெடிப்பு எப்போது வந்தது, முன்பே இருந்ததா, கட்டிய பிழையா, நிலத்தின் பிழையா என்ற கேள்விகள் கட்டாயம் வரும். திகதி போட்ட படமும் எழுத்தும் வைத்திருப்பவரின் பேச்சுக்குத்தான் அங்கே பலம் இருக்கும்.

சரி, வழி என்ன? கட்டட வேலையில் உள்ள ஒரு வழக்கத்தை எமது அங்கத்தவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். முறையான ஒப்பந்தத்தில் கொந்தராத்துக்காரருக்கு முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட மாட்டார்கள். பொதுவாக 5 வீதம் வரை பிடித்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் அதில் பாதியைக் கொடுத்து, மீதியைக் குறைதிருத்தக் காலம் முடிந்த பிறகுதான் விடுவிப்பார்கள். அந்தக் காலம் பெரும்பாலும் ஒரு வருடம். அதற்குள் தெரியவரும் குறையைக் கொந்தராத்துக்காரர் தன் செலவில் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் பிடித்து வைத்த பணத்தில் வேறு ஆள் வைத்துத் திருத்தலாம்.

பசறை அக்காவின் வீட்டு வேலைக்கும் அப்படி ஒரு நிபந்தனை இருந்திருக்கலாம். ஆனால் ஒப்பந்தம் நிறுவனத்துக்கும் கொந்தராத்துக்காரருக்கும் இடையில். அந்த வீட்டில் படுத்து எழும்பும் குடும்பத்தின் பெயர் அதில் இல்லை. காலம் எப்போது முடிகிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. கடைசிப் பணம் போகும்போது அவர்களிடம் கேட்கப்படவும் இல்லை. வீடு வெடிக்கும், பணம் போய்விடும், கேட்க ஆளிருக்காது. எமது பார்வையில் முழுப் பிரச்சினையின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது.

எனவே எமது கோரிக்கை இது. பிடித்து வைத்த கடைசிப் பணம், வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லாமல் விடுவிக்கப்படக் கூடாது. அந்தக் கையெழுத்தும் ஒரு முழு வடகீழ்ப் பருவமழை கழிந்த பிறகுதான் கேட்கப்பட வேண்டும். பதுளையில் பெருமழை ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை. பெப்ரவரியில் வீட்டைக் கொடுத்து ஆறு மாதத்தில் கணக்கை முடித்தால், அந்த வீடு ஒரு பெருமழையைக்கூடக் கண்டிருக்காது. ஒப்பந்தம், வரைபடம், மதிப்பீட்டு விபரம், காணி அறிக்கை ஆகியவற்றின் தமிழ்ப் பிரதி சாவியோடு சேர்த்துத் தரப்பட வேண்டும். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. கானும் கல் சுவரும் மதிப்பீட்டுக்குள் வர வேண்டும். முறைப்பாட்டை ஏற்க ஒரே ஒரு அலுவலகம் குறிக்கப்பட்டு, பதில் தரும் நாளும் எழுதப்பட வேண்டும்.

இவை கிடைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன.

வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாக் குற்றியைப் பிடித்துப் படம் எடுங்கள். மாதம் ஒரு தடவை அதையே செய்யுங்கள். தலைமயிர் போன்ற கோடு பூச்சோடு நின்றுவிடலாம். சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தெரிந்தால், படிக்கட்டுப் போல பிளாக் கல்லின் இணைப்பு வழியே போனால், மாதாமாதம் அகன்றால், கதவு யன்னல் இறுகினால் அது பூச்சுப் பிரச்சினை இல்லை. அடைக்காதீர்கள். அடைத்தால் சாட்சியும் அழிந்துவிடும்.

முறைப்பாட்டை வாயால் சொல்லாதீர்கள். தமிழில் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதியும் முத்திரையும் வாங்குங்கள். எழுத உதவி வேண்டுமானால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள், சங்கம் எழுதித் தரும். அரச நிறுவனம் கட்டிய வீடென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

தவணைப் பணத்தில் தாங்களே பாஸ் பிடித்துக் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாஸ் சொந்தக்காரராக இருந்தாலும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை அடி அத்திவாரம், எத்தனைக்கு எத்தனை கலவை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்று இரண்டு சாட்சியோடு எழுதி, கடைசித் தொகையை மழை கழியும் வரை வைத்திருங்கள். தகராறு வந்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

ஒன்றை மட்டும் வேறாகப் பாருங்கள். வீட்டுக்கு மேலுள்ள மலையில் நிலம் பிளந்தால், மரங்கள் சாய்ந்தால், திடீரென்று கலங்கல் ஊற்று வந்தால், அது கொந்தராத்துக்காரரோடு பேசும் நேரமில்லை. பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள். கடிதம் பிறகு எழுதலாம்.

எமது பங்குக்கு நாம் சொல்வது இது. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மாதர் பிரிவும் தங்கள் தோட்டத்தில் கட்டப்பட்ட புது வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வீட்டு இலக்கம், கையளித்த திகதி, குறை என்ன என்று பட்டியல் எடுத்துக் காரியாலயத்துக்குத் தர வேண்டும். தனியொரு அக்கா போனால் "பூச்சுத்தான்" என்பார்கள். ஒரே திட்டத்தின் நாற்பது வீட்டுப் பட்டியல் போனால் பொறியியலாளரை அனுப்பத்தான் வேண்டும். இனிமேல் எந்த வீட்டுத் திறப்பு விழாவுக்கும் எமது ஆட்கள் போவதற்கு முன், கையெழுத்துக்கு நீட்டப்படும் கடதாசியைத் தமிழில் கேட்டு வாங்கி, குடும்பங்களைக் கூட்டி வாசித்துக் காட்ட வேண்டும். அது கிடைக்காவிட்டால் மேடையில் எமக்கு வேலை இல்லை.

பசறை அக்காவின் முறைப்பாடு இப்போது எழுத்தில் போயிருக்கிறது. முத்திரை குத்திய பிரதி அவர் கையில் இருக்கிறது. வெடிப்பில் அவர் நான்காவது தடவை சீமெந்து பூசவில்லை.