திரைக்குச் சட்டை மாற்றுவோர் கவனத்துக்கு

பெருங்கடவிளை:

விண்டோஸ் 10-க்குக் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாம் என்றால், 2017-க்கு முன் வந்த பெரும்பாலான கம்ப்யூட்டர்கள் அதற்குத் தகுதியில்லை என்கிறார்கள். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் கூலி வேலைக்கு வந்து, சீட்டுப் பணத்தில் பிள்ளைக்குப் பழைய லாப்டாப் ஒன்று வாங்கிக் கொடுத்த நம்மவர்கள் அதைத் தூக்கியெறிய முடியுமா? போட்டோஸ்டாட் கடைக்காரர்தான் முடியுமா? ஆகவே பலரும் லினக்ஸ் பக்கம் திரும்புகிறார்கள். அதிலும் லினக்ஸ் மின்ட் என்பதைத்தான் அதிகம் பேர் கேட்டு வாங்குகிறார்கள்.

பிள்ளைகளுக்கு இது புதிய சமாசாரம் அல்ல. கேரள அரசுப் பள்ளிகளில் லினக்ஸ்தான் பல ஆண்டுகளாக நடப்பில் உள்ளது. 2001-இல் தொடங்கிய ஐ.டி.@ஸ்கூல் திட்டம் 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அவர்கள் தயாரித்துத் தருவதைத்தான் நம் பிள்ளைகளும் வகுப்பில் இயக்குகிறார்கள். திகைப்பதெல்லாம் அப்பாமார்களும் கடைக்காரர்களும்தான். திகைப்பு தீர்வதற்குள் இன்னொரு ஆசையும் வந்துவிடுகிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கம்ப்யூட்டரைப் போட்டதும் கண்ணில் படுகிற பட்டை, மெனு, ஜன்னல்கள் இவற்றையெல்லாம் நடத்துகிற முகப்புக்கு ஷெல் என்று பெயர். லினக்ஸில் இது ஒன்றோடு நிற்பதில்லை. 2011 ஏப்ரலில் நோம் என்ற முகப்பின் மூன்றாம் பதிப்பு, பழகிய மெனுவை எடுத்துவிட்டுப் புது உருவில் வந்தது. பிடிக்காதவர்கள் சும்மா இருக்கவில்லை. பழைய உருவைக் காப்பாற்ற மாட்டே என்ற முகப்பு பிறந்தது. மின்ட் ஆசிரியர்கள் புதியதையே பிரித்துத் திருத்திச் சின்னமன் என்று ஒன்றைக் கட்டினார்கள். இந்த முகப்புக்கு நிறம், ஓரம், சின்னங்கள், எழுத்து என்று மாட்டுகிற சட்டைக்குத்தான் தீம் என்று பெயர். (இந்தச் சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் 'தீமை' ஆகிவிடுகிறது. காரணம் இல்லாமல் இல்லை என்று சில நாள் தோன்றும்.)

எல்லைப் பக்கத்துப் போட்டோஸ்டாட் கடை ஒன்றில் நான் நேரில் கண்டது இது. கடைக்குப் புதிதாக வந்த பையன், கண்ணாடி போல் பளபளக்கும் கறுப்புத் தீம் ஒன்றை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிப் போட்டிருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஏதோ ஒரு அப்டேட் வந்தது. மறுநாள் காலை, பிரிண்ட் எடுக்கும் பெட்டியைத் திறந்தால் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து! எது 'சரி', எது 'ரத்து' என்று தெரியவில்லை. வெளியே வரிசை நிற்கிறது. சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த கொத்தனார் ஒருவரும் அந்த வரிசையில் இருந்தார். அவருக்குத் தீம் என்றால் என்னவென்று தெரியாது. மதியம் வரை நின்றார்.

ஏன் இப்படி உடைகிறது? சின்னமன், மாட்டே, எக்ஸ்.எப்.சி.இ. ஆகிய மூன்றிலுமே ஜன்னல்களை வரைந்து கொடுப்பது ஜி.டி.கே. என்ற நூலகம். அதன் மூன்றாம் பதிப்புக் காலத்தில், ஒவ்வொரு சிறு வெளியீட்டிலும் வெளியார் செய்த தீம்கள் அடிபட்டுக்கொண்டே இருந்தன. 2016 மார்ச்சில் வந்த 3.20 வெளியீட்டில் உள்பெயர்களையே மாற்றிவிட்டார்கள். அதுவரை இருந்த தீம்களை ஏறக்குறையத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் தீம் செய்கிறவர் எத்தனை தடவைதான் எழுதுவார்? ஆர்க் என்ற தீம் ஒரு காலத்தில் வெகு பிரசித்தம். அதைச் செய்தவர் 2017-க்குப் பின் விட்டுவிட, வேறு அன்பர்கள் எடுத்து நடத்த வேண்டி வந்தது. ஆர்க்குக்காவது ஆள் கிடைத்தது. கிடைக்காத தீம்கள் எத்தனையோ.

மறுபக்க நியாயமும் உண்டு. 2019 மே மாதம் நோம் புரோகிராம்களை எழுதுகிறவர்கள் சிலர் பகிரங்கக் கடிதம் ஒன்று வெளியிட்டார்கள். எங்கள் புரோகிராமுக்கு நீங்களாகச் சட்டை போடாதீர்கள், கிழிந்தால் எங்களைத்தான் திட்டுகிறார்கள் என்பது அதன் சாரம். நியாயம்தான். ஆனால் அதன் பிறகு வந்த புதிய நூலகம், வெளித் தீம் எதையுமே ஏற்காது என்ற நிலைக்குப் போய்விட்டது. பலராமபுரத்துக் குழித்தறியில் நெய்கிறவரிடம், தறியை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மாற்று என்று யாரும் சொல்வதில்லை. கசவுக் கரை எந்த அகலம் என்று கேட்கிற உரிமையை வாங்குகிறவரிடமிருந்து பிடுங்குவதும் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த மின்ட் 22.2-இல் அந்த நூலகத்தைத் திருத்தி, தங்கள் தீம்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள். என் ஓட்டு அவர்களுக்கே.

நமக்கென்று தனியாக ஒரு தொல்லையும் இருக்கிறது. தீம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் ஆங்கில எழுத்தின் உயரத்தை மனத்தில் வைத்தே பட்டையின் உயரத்தை வைக்கிறார்கள். தமிழில் இகரக் கொம்பு மேலே போகும், உகரச் சுழி கீழே இறங்கும். இடம் போதாவிட்டால் 'மீ' தலையிழக்கும், 'நூ' காலிழக்கும். கறுப்புப் பட்டையில் கறுப்புச் சின்னம் வைத்த தீம்களும் உண்டு. தமிழ் விசைப்பலகை ஓடுகிறதா, இங்கிலீஷா என்று காட்டும் அடையாளமே தெரியாது. மனுவில் பெயரைத் தப்பாக அடித்துவிட்டு, தாலூக்கா ஆபீசுக்கு மறுபடி நடக்கிறவர் நம்மவர்தான்.

ஆகவே என் யோசனை இது. வருமானத்துக்கு ஓடுகிற கம்ப்யூட்டரில் அதனோடு வருகிற தீமிலேயே நில்லுங்கள். மின்ட் என்றால் மின்ட்-ஒய். அது அலுப்பூட்டும் ஒரே கோலம் என்று நினைக்க வேண்டாம். வெளிர், கருமை இரண்டும் உண்டு. நீலம், பச்சை, சிவப்பு என்று நிறங்களும் உண்டு. சின்னங்களை மாற்றலாம், பட்டையை உயர்த்தலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். இவ்வளவையும் செட்டிங்ஸில் ஐந்து நிமிஷத்தில் செய்துவிடலாம். அடுத்த அப்டேட்டில் எதுவும் கழன்று விழாது. முகப்பைச் செய்கிறவர்களே தீமையும் பார்த்துக்கொள்வதால், ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றிக் கொடுக்கிறார்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். தமிழ் எழுத்துக்கு மீரா இனிமையைப் போட்டுப் பாருங்கள். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற மலையாள அன்பர்கள் குழு நமக்காகச் செய்து இலவசமாகத் தந்த தமிழ் எழுத்து அது. எல்லையில் இருக்கிற நமக்கு இதில் ஒரு தனி சந்தோஷம்.

வெளித் தீம் போட்டே தீருவேன் என்கிறவர்கள், அது கடைசியாக எந்த வருஷம் திருத்தப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வருஷம் யாரும் தொடாதது என்றால் வேண்டவே வேண்டாம். அப்டேட்டுக்கு முன்பு மின்ட்டோடு வரும் டைம்ஷிப்டில் ஒரு நகல் எடுத்து வைப்பது உத்தமம்.

பையன்களின் ஆசையைக் கெடுக்கச் சொல்லவில்லை. இறக்கிப் போடுகிற தீம், போட்டவரின் கணக்குக்குள் மட்டுமே உட்காரும். பிள்ளைக்குத் தனிக் கணக்கு திறந்து கொடுத்துவிட்டால், அதில் அவன் என்ன வேஷம் வேண்டுமானாலும் கட்டட்டும். அப்பாவின் கணக்கு அப்படியே இருக்கும். சிஸ்டம் போட்டுத் தருகிற மெக்கானிக்குகளும் கூலியை வாங்குமுன் 'ஸ்ரீ', 'மீன்', 'நூறு', 'கூழ்' என்ற நான்கு வார்த்தைகளைப் பெயராக வைத்து நான்கு கோப்புகளைத் திறந்து, பட்டையிலும் மெனுவிலும் எழுத்து முழுசாகத் தெரிகிறதா என்று வாங்குகிறவருக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.