கூரை போன மடமும் நிலைத்து நிற்கும் கூடமும்



சென்ற வாரம் என் வகுப்பு மாணவி ஒருத்தி பழைய நாட்காட்டிப் படம் ஒன்றைக் கொண்டு வந்தாள். வானுயர்ந்த கற்சுவர்கள், வரிசை வரிசையாகத் தூண்கள். மேலே கூரை இல்லை. உள்ளே தரை முழுக்கப் புல். "சார், இது சண்டையில இடிஞ்ச கோயிலா?" என்று கேட்டாள். "சண்டையில் இல்லையம்மா, மன்னர் உத்தரவால் பாழானது" என்றேன். அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

படத்தில் இருப்பது இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில் உள்ள பவுண்டன்ஸ் என்னும் கிறிஸ்தவத் துறவி மடம். 1132-ஆம் ஆண்டில் 13 துறவிகள், தாங்கள் இருந்த யார்க் நகர மடத்தில் ஒழுங்கு தளர்ந்துவிட்டதே என்று மனம் நொந்து வெளியேறினார்கள். ஸ்கெல் என்னும் சிற்றாற்றின் கரையில், கல்லும் முள்ளும் நிறைந்த பள்ளத்தாக்கில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. சில ஆண்டுகளில் சிஸ்டர்சியன் என்னும் துறவிச் சபையில் சேர்ந்தார்கள். எளிமை, மௌனம், கை உழைப்பு ஆகியவை அச்சபையின் விதிகள்.

ஆனால், இரவும் பகலும் பலமுறை ஜெபத்துக்கு நிற்க வேண்டியவர்கள் வயலையும் ஆட்டு மந்தையையும் எப்படிக் கவனிப்பார்கள்? அதற்காகவே 'உழைப்புச் சகோதரர்கள்' என்று ஒரு பிரிவினரைச் சேர்த்துக்கொண்டார்கள். காடு திருத்தியவர்களும், ஆடு மேய்த்தவர்களும், ஆலை ஓட்டியவர்களும் இவர்கள்தாம். அந்த ஆட்டு ரோமத்தை இத்தாலி நாட்டு வணிகர்கள் வாங்கினார்கள். மடம் செல்வத்தில் கொழித்தது.

கோயிலில் கிழக்குப் பாதி துறவிகளுக்கு, மேற்குப் பாதி உழைப்புச் சகோதரர்களுக்கு, நடுவே தடுப்பு. சில ஜெபங்களை மனப்பாடம் செய்தால் அவர்களுக்குப் போதும். அவர்களுக்கு எழுத்தறிவிக்கக் கூடாது என்பது சபையின் விதி. எத்தனை காலம் உழைத்தாலும் அவர்கள் துறவியாக உயர முடியாது. ஓர் ஆசிரியனாக இதைப் படித்தபோது என் நெஞ்சு கனத்தது.

எட்டாம் ஹென்றி மன்னர் போப்பாண்டவரின் தலைமையை உதறிவிட்டு, நாட்டிலிருந்த மடங்களின் சொத்துகளின்மேல் கண் வைத்தார். 1536-இல் சிறிய மடங்களை மூடச் சட்டம் வந்தது. 1540-க்குள் 800-க்கும் மேற்பட்ட மடங்கள் மூடப்பட்டன. பவுண்டன்ஸ் மடம் 1539 நவம்பரில் மன்னர் வசமாகி, மறு ஆண்டே லண்டன் வணிகர் ஒருவருக்கு விற்கப்பட்டது. கூரையின் ஈயத் தகடுகளை உரித்து விற்றார்கள். ஈயம் போனால் மழை இறங்கும். மழை இறங்கினால் மரச்சட்டம் உளுத்து விழும். கோயில் வானம் பார்த்து நின்றது இப்படித்தான். கற்களைக்கூடப் பிற்காலத்தில் பக்கத்தில் ஒரு மாளிகை கட்ட எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் ஒன்று தப்பியது. உழைப்புச் சகோதரர்கள் உணவு உண்ட இடமும், பண்டங்கள் அடுக்கிய கிடங்கும் ஒன்றாயிருந்த கீழ்க்கூடம்! ஏறத்தாழ 300 அடி நீளம். நடுவே ஒரே வரிசைத் தூண்கள். ஒவ்வொரு தூணிலிருந்தும் கல் விலாக்கள் விரிந்து மேலே வளைந்து சேர்கின்றன. செம்பனை வரிசைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் மட்டைகள் கூடுமே, அதுபோல. மேற்கூரை மரமாக இல்லாமல் கல்லாலேயே வளைத்துக் கட்டப்பட்டதால், அது இன்றும் நிற்கிறது.

மடத்தின் கடைசிக் காலத்தில் ஹியூபி என்ற மடாதிபதி, ஏறத்தாழ 160 அடி உயரக் கோபுரம் எழுப்பினார். அவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கீழ்க்கூடத்தில் உண்டு உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெயர் யாருக்கும் தெரியாது. எழுத்து அவர்களுக்கு மறுக்கப்பட்டது அல்லவா?

1986-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பாழடைந்த சுவருக்கே அவ்வளவு மரியாதை!

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் கையில் பென்சில் இருக்கிறது. இன்றிரவு தாத்தாவையும் பாட்டியையும் உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்: எந்தக் காட்டை அழித்தார்கள், எந்த ஆண்டில் எந்த லயத்தில் குடியேறினார்கள், உடன் உழைத்தவர்கள் யார் யார்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர்களோடு எழுதி வைக்கட்டும். தோட்டம் கைமாறலாம், லயம் இடிபடலாம். எழுதி வைத்த பெயர் நிற்கும்.