மனசு வெச்சா விட்டுடலாமா?

"மனசு வெச்சா விட்டுடலாம்." பீடியையும் சிகரெட்டையும் விட நினைத்த எத்தனையோ பேரை மறுபடி பெட்டிக்கடைக்கே அனுப்பி வைத்த வாக்கியம் இது. வாசுதேவநல்லூர் டீக்கடையில் தொடங்கி தென்காசி வரைக்கும் இந்த உபதேசத்தைச் சொல்லாத ஆள் கிடையாது. சொல்கிறவர் கையிலேயே பீடி புகைந்துகொண்டிருப்பதும் உண்டு. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் அது உண்மையில்லை என்பதோடு, ஆளையும் கொல்கிறது என்பது என் கட்சி.

நம்ம ஊர்ப்பக்கம் கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். நாற்பது வருஷமாகப் பீடி குடிக்கிறவர்கூட மாலை கழுத்தில் ஏறிய நிமிஷத்திலிருந்து தொடமாட்டார். பச்சைத் தண்ணீரில் குளியல், வெறுந்தரையில் தூக்கம், ஒரு மண்டலம் விரதம். இவரிடம் மன உறுதி இல்லை என்று யார் சொல்வது? ஆனால் மலையிறங்கி மாலையைக் கழற்றினதும் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடுகிறது. மன உறுதி மட்டும் போதுமென்றால் நம்ம தாலுகாவில் ஒவ்வொரு தை மாசமும் பீடிக்கடை மூடியிருக்க வேண்டும்.

காரணம் நிக்கோடின். இழுத்த சில விநாடிகளில் அது மூளைக்குப் போய்விடுகிறது. வருஷக்கணக்கில் அதற்குப் பழகிய மூளை, அது கிடைக்காதபோது எரிச்சல், தூக்கமின்மை, கவனச்சிதறல், மனச்சோர்வு என்று ஆளைப் படுத்துகிறது. எந்த உதவியும் இல்லாமல் விட முயல்கிறவர்களில் ஒரு வருஷம் கழித்தும் விட்ட நிலையிலேயே இருப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். மீதி 95 பேரும் கோழைகளா? நோய்க்கு மருந்து கொடுக்காமல் நோயாளியைத் திட்டுகிறோம், அவ்வளவுதான்.

மருந்து இருக்கிறது. அதில் ஒன்றின் பெயர் புப்ரோபியான். 1969-ல் நாரிமன் மேத்தா என்ற வேதியியலாளர் உருவாக்கியது. முதலில் மனச்சோர்வுக்கான மாத்திரையாக வந்தது. அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குப் புகைக்கும் ஆசையே குறைந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். சோதனைகள் நடந்து, 1997-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு புகை விடுவதற்கான மருந்தாக இதற்கு அனுமதி தந்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் சேர்த்துவிட்டது.

இங்கேதான் நம்ம ஆட்கள் முகம் சுளிப்பார்கள். "மனநோய் மாத்திரையா? எனக்கென்ன பைத்தியமா?" அண்ணாச்சி, ஒரு கேள்வி. சர்க்கரை நோயால் பாதம் எரிகிறது என்று டாக்டரிடம் போனால் பலருக்கு அமிட்ரிப்டிலின் எழுதித் தருகிறார்களே, அதுவும் மனச்சோர்வுக்கு வந்த மாத்திரைதான். காய்ச்சலுக்குப் போட்ட ஆஸ்பிரின் இன்று இதயத்துக்கும் போகிறது. மாத்திரைக்கு எந்த வியாதி முதல் வியாதி என்று ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தால் நுரையீரல் காத்திருக்காது.

இதனால் மனநிலை கெட்டுவிடும் என்ற பயமும் ஒரு காலத்தில் இருந்தது. அமெரிக்காவில் 2009-ல் அட்டையிலேயே கடும் எச்சரிக்கை போட வைத்தார்கள். பிறகு எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்தவர்கள். 2016-ல் முடிவு வந்தது: வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குப் பெரிதாக ஆபத்து கூடவில்லை. அந்த வருஷக் கடைசியில் எச்சரிக்கையையும் எடுத்துவிட்டார்கள். ஆறு மாதக் கணக்கில் புகையை விட்டவர்கள் வெற்று மாத்திரையில் நூற்றுக்கு 9 பேர், புப்ரோபியானில் 16 பேர். வரெனிக்ளின் என்ற இன்னொரு மருந்தில் கிட்டத்தட்ட 22 பேர். மாயம் ஒன்றுமில்லை. ஆனால் நூற்றுக்கு ஏழு பேர் கூடுதல் என்பது ஏழு குடும்பம்.

"அப்படியா, மெடிக்கலில் ஒரு அட்டை வாங்கிடுவோம்" என்று கிளம்புகிறவர்களோடும் எனக்குச் சண்டைதான். இது டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாத மருந்து. இதன் முக்கிய ஆபத்து வலிப்பு. வழக்கமான அளவில் ஆயிரத்தில் ஒருவருக்கு வரலாம். முன்பு வலிப்பு வந்தவர்களுக்கு இது கூடவே கூடாது. தலையில் பலத்த அடிபட்டவர்கள், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தினமும் குடித்துவிட்டு, மாலை போட்டதும் மதுவைத் திடீரென நிறுத்துகிறவருக்கு அந்தச் சமயத்தில் இந்த மாத்திரை சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடும். நம்ம ஊருக்கு இது மிக முக்கியமான எச்சரிக்கை.

ஆஸ்துமா, சளி இழுப்புக்குத் தியோபிலின் வகை மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களும் கவனிக்கணும். அதுவும் வலிப்பைத் தூண்டக்கூடியது. போதாததற்கு, புகையை நிறுத்தியதும் ரத்தத்தில் அதன் அளவு ஏறும். ரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்க்கணும். நெடுநேரம் கரையும் மாத்திரையை நம்ம வழக்கப்படி இரண்டாக உடைத்து விழுங்கக்கூடாது. மனநிலை வித்தியாசமாகத் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லணும். பீடியை விடப் போகும் நாளுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே மாத்திரையைத் தொடங்குவார்கள். "இன்னும் விடவே இல்லையே, எதுக்கு மாத்திரை" என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. பெட்டியில் 85 சதவீத இடத்துக்குப் புற்றுநோய்ப் படம் போட வைத்தீர்கள், சரி. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று பி.பி., சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது, மெத்தச் சரி. அந்த பி.பி.யோடு சேர்ந்து இதயத்தை அடைக்கும் பீடியை விட மருந்து ஏன் அதே சன்னலில் கிடைக்கக்கூடாது? தேசிய ஆய்வில் புகைப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விட நினைப்பதாகச் சொன்னார்கள். விட நினைக்கிறவனிடம் படத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் போதுமா? ஆலங்குளம், கடையம் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு மாற்றுத் தொழில் வேண்டும், புகைப்பவர்களுக்கு மாற்று மருந்து வேண்டும். இரண்டும் அரசின் கடமை.

"அறுபது தாண்டியாச்சு, இனி என்ன" என்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது வருஷம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அறுபது வயதில் விட்டவர்களுக்கும் சுமார் மூன்று வருஷ ஆயுள் கூடியிருந்தது. பேரன் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க மூன்று வருஷம் சின்ன விஷயமா?

அடுத்த தடவை பி.பி. பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய், "பீடியை விடணும், எனக்கு எந்த மருந்து ஒத்துவரும்" என்று கேளுங்கள். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356-க்குப் பேசலாம். காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். மனசு வெச்சது போதும், மருந்தும் வைப்போம்.