நாற்காலி நாற்காலியாக அலைவது எதற்கு?

2022-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் முடங்கின. 5 சர்வர்களில் வைரஸ் புகுந்து, சுமார் 1.3 டெராபைட் தகவலைப் பூட்டி விட்டது. ஓ.பி. சீட்டு முதல் பரிசோதனை முடிவு வரை எல்லாம் பேனாவும் காகிதமும்தான். நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல!

சர்வரைச் சரி செய்தால் மட்டும் போதுமா? அங்கே கம்ப்யூட்டர்கள் மட்டும் சுமார் 5 ஆயிரம். எதில் வைரஸ் பதுங்கி இருக்கிறதோ, யார் கண்டது? கிட்டத்தட்ட ஒரு வாரம் ராப்பகலாக உழைத்தும் 1,200 மெஷின்களில்தான் ஆன்டி வைரஸ் போட முடிந்தது.

டெல்லிக் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம்ம ஊர் ஆபீசுகளைப் பாருங்கள். 40 மெஷின் இருக்கும். ஆன்டி வைரசும் காசு கொடுத்து வாங்கி இருப்பார்கள். மாதம் ஒரு தடவை ஒரு தம்பி வருவார். "சார், கொஞ்சம் எழுந்திருங்க, ஸ்கேன் போடணும்" என்பார். கவுண்டரில் கூட்டம் நிற்கும். "அப்புறம் பாத்துக்கலாம்ப்பா" என்பார் குமாஸ்தா. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முழு ஸ்கேன் ஓடினால் மெஷின் ஆமையாகி விடும். ஒரு பில் போட முடியாது. கடைசியில் பத்து மெஷின் விட்டுப் போகும். வைரசுக்கு அதில் ஒன்று போதாதா?

இந்த அலைச்சலே வேண்டாம். ஒரே இடத்தில் உட்கார்ந்து நெட்வொர்க்கில் உள்ள அத்தனை மெஷினுக்கும் ஸ்கேன் உத்தரவு அனுப்பலாம். ஆபீசுகளுக்கென்று விற்கும் ஆன்டி வைரஸ்களில் இதற்கு வசதி உண்டு. விண்டோசுடன் கூடவே வரும் டிஃபென்டருக்கும் இப்படி உத்தரவு போடலாம். எதில் முடிந்தது, எதில் பாதியில் நின்றது, எங்கே வைரஸ் சிக்கியது என்று கணக்கும் வந்து விடும். ரோந்து போலீஸ்காரர் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரி!

ராத்திரி 10 மணிக்கு ஸ்கேன் என்று நேரம் குறிப்பார்கள். 6 மணிக்கே வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைத்து விட்டுப் போவார். கரண்டு இல்லாத மெஷினுக்கு உத்தரவு போய் என்ன லாபம்? வாரத்தில் ஒரு ராத்திரியாவது மெஷின்கள் ஓடட்டும்.

இன்னொன்று. எல்லா மெஷினையும் திறக்கிற பாஸ்வேர்டு ஒருவர் கையில் இருக்கும். அது களவு போனால் ஸ்கேன் போகும் வழியிலேயே வைரசும் போகும். 2017 ஜூனில் வந்த நாட்பெட்யா, திருடிய பாஸ்வேர்டுகளைக் கொண்டும் மெஷினுக்கு மெஷின் தாவியது. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி 45 ஆயிரம் கம்ப்யூட்டர்களில் எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அப்பேர்ப்பட்ட சாவியைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைக்கிறார்களே, என்ன சொல்ல?

மேனேஜர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வாரம் எத்தனை மெஷின் ஸ்கேன் ஆனது, எத்தனை விட்டுப் போனது என்று கேளுங்கள். "எல்லாம் ஓ.கே. சார்" என்றால் விட்டு விடாதீர்கள். எண்ணிக்கையை எழுதி வாங்குங்கள்.