கீழே யாரு படுக்கறாங்க?

பி.காம். படித்தவனுக்கு டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். ஒரு கன அடி தண்ணீர் எத்தனை கிலோ என்று எந்தப் பரீட்சையிலும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்த வாரம் எழுத எனக்கு விஷயமே கிடைத்திருக்காது.

எல்லாம் ஒரு பூரியில் ஆரம்பித்தது. பெங்களூர் ஹைவேயில் ஒரு ஓட்டலுக்கு டிபன் சாப்பிடப் போனோம். அங்கே சுவருக்குள்ளேயே மீன் தொட்டியைப் பதித்திருந்தார்கள். ஸ்டாண்டு தெரியவில்லை, ஒயர் தெரியவில்லை. சுவரில் ஒரு ஃப்ரேம், அதற்குள் மீன்கள். அவ்வளவுதான். மூன்றாம் கிளாஸ் படிக்கும் என் பெண் பூரியை மறந்துவிட்டாள்.

"அப்பா, நம்ம வீட்லயும் இப்படி வெப்போமா?"

"வெச்சுட்டாப் போச்சு!" என்றேன்.

"இந்த மாச வாடகையை முதல்ல எடுத்து வைங்க" என்றாள் என் மனைவி. வாரா வாரம் எழுதிப் பிழைக்கிறவனின் சகதர்மிணி வேறு எப்படிப் பேசுவாள்?

நாங்கள் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனர். அவருக்கு ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் வேலை. அவருடைய அம்மாவைத் தெருவே 'ஆயா' என்றுதான் கூப்பிடும். ஓனரிடம் தொட்டி விஷயத்தைச் சொன்னேன். "சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க" என்றார். மீன் தொட்டியை யார் ஆணியில் மாட்டுகிறார்கள்? சந்தோஷமாக வந்துவிட்டேன்.

அன்றைக்கே பிளான் போட்டேன். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவே ஒரு தடுப்பு. அதில் ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை, ஓட்டையில் தொட்டி. தொட்டியைத் தாங்க ஒரு பிளைவுட் பெட்டி. பேப்பரில் ஜோராக இருந்தது. பேப்பரில் எல்லாமே ஜோராகத்தான் இருக்கும்.

அதை எடுத்துக்கொண்டு ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் பகலில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வெல்டர், சாயந்திரம் சொந்தப் பட்டறை. பேப்பரைப் பார்த்தார்.

"மாடியா, தரையா சார்?"

"மாடி."

"பீம் எந்தப் பக்கமா போவுது?"

"எந்த பீம்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"கீழே யாரு படுக்கறாங்க?"

"ஓனரோட அம்மா. வயசானவங்க."

பேப்பரை நாலாக மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "வெயிட்டைக் கணக்குப் போட்டுப் பாத்துட்டு வாங்க சார். அப்பறம் பேசலாம்."

கணக்கு என்றால் நமக்கு லட்டு! வீட்டுக்கு வந்து நோட்டை விரித்தேன். ஆறை இரண்டால் பெருக்கி மறுபடி இரண்டால் பெருக்கினால் 24 கன அடி. ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர். விளிம்பு வரை நிரப்பினால் 680 லிட்டர், அதாவது 680 கிலோ. 12 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டர் 30 கிலோ என்பதால் காலித் தொட்டியே 120 கிலோ. மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் ஒரு நூற்று இருபது. ஆக மொத்தம் 900 கிலோவுக்கு மேல்!

1998-ல் நம் இருங்காட்டுக்கோட்டை ஃபாக்டரியிலிருந்து முதன்முதலாக வெளியே வந்த சான்ட்ரோ காரே இதைவிட லேசு. ஆயாவின் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு காரைப் பார்க் பண்ணப் பார்த்திருக்கிறேன்!

தெரிந்த இன்ஜினீயர் ஒருவரைக் கேட்டேன். வீட்டு மாடித் தளத்தில் நாம் வைக்கும் சாமான், நடமாடும் ஆட்கள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்றுதான் ஐ.எஸ். 875 விதிப்படி கணக்குப் போடுவார்களாம். என் தொட்டி நிற்கப்போகும் இடமே ஒரு சதுர மீட்டர் சொச்சம்தான். அதில் 900 கிலோ!

"உடனே இடிஞ்சு விழுந்துடும்னு அர்த்தம் இல்லே. பீம் மேல, சுவரை ஒட்டி வெச்சாத் தாங்கலாம். ஆனா கட்டின டிராயிங்கைப் பாக்காம யாரும் கேரண்டி தர முடியாது" என்றார். ஓனரிடம் டிராயிங் கேட்டேன். "மேஸ்திரி மனசுல இருந்துது. அவரு செத்துப் போயிட்டாரு" என்றார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கீழேயிருந்து ஆயா இருமுவது கேட்டது. 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் ஜெர்மனியின் பெர்லின் நகரத்து ஓட்டல் ஒன்றில் பிரமாண்டமான மீன் தொட்டி வெடித்தது ஞாபகத்துக்கு வந்தது. 10 லட்சம் லிட்டர் தண்ணீர், சுமார் 1,500 மீன்கள். அந்த நேரத்தில் ஆள் நடமாட்டம் இல்லாததால் இரண்டு பேருக்குக் காயம் என்பதோடு போயிற்று. நம் வீட்டில் ஆயா எந்நேரமும் அங்கேதானே இருப்பார்?

"வேண்டாம். பெரிய பாட்டில்ல ரெண்டு மீன் விட்டுக்கலாம்" என்றேன் காலையில். என் பெண் அழவில்லை. விறுவிறுவென்று கீழே இறங்கிப் போய்விட்டாள். பத்தே நிமிஷத்தில் கீழேயிருந்து குரல் வந்தது.

"தம்பீ! மீனு வெக்க மேல எடம் இல்லியாமே? எங்க ஊட்ல வையி. புள்ள நைட் ஷிஃப்ட்டு போயிடறான். எனக்கு ராவெல்லாம் தூக்கம் வர்றதில்ல. செவுத்தையே பாத்துக்கினு கெடக்கறேன். மீனையாவது பாக்கறேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கீழ்த்தளம் மண்மேல் போட்ட தரை. சான்ட்ரோ என்ன, லாரியையே நிறுத்தினாலும் அடியில் யாரும் படுத்திருக்கப் போவதில்லை.

இந்தத் தடவை வெல்டர் பேப்பரை மடிக்கவில்லை. இரண்டு அங்குல ஸ்கொயர் பைப்பில் ஆறு கால் வைத்து ஸ்டாண்டு அடித்தார். ரெட் ஆக்ஸைடு, அதன் மேல் பெயின்ட். அப்புறம் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். ஒரு கால் கொஞ்சம் தூக்கலாக இருந்தாலும் கண்ணாடி முறுக்கிக்கொண்டு விரிசல் விடுமாம். சின்னச் சின்ன மேடு பள்ளத்தைச் சரிக்கட்ட ஸ்டாண்டின் மேல் பலகை, பலகையின் மேல் தெர்மாகோல்.

தொட்டி சென்னை கொளத்தூரிலிருந்து வந்தது. வண்ண மீனுக்குப் பேர்போன இடம். இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். 2000-லிருந்து செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை எங்கள் ஊரில்தான் ஓடுகிறது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு, இரண்டு பக்கமும் சமமாக எடுக்கிறார்கள். நானோ கண்ணாடிப் பெட்டிக்குக் கொளத்தூர் போனேன். பக்கத்து வீட்டில் பசு, நாம் வாங்குவது பாக்கெட் பால்!

எதிர் மேன்ஷனிலிருந்து ஆறு பையன்கள் வந்து தூக்கி வைத்தார்கள். தண்ணீர் ரொப்பி மூன்று நாள் கசிவு பார்த்தோம். இரண்டடித் தண்ணீர் அந்த முன்பக்கக் கண்ணாடியை மட்டும் சுமார் 340 கிலோ பலத்தோடு வெளியே தள்ளுகிறதாம். அந்த மூன்று நாளும் நான் கண்ணாடிக்கு நேரே நிற்கவே இல்லை.

கடைசியில்தான் சுவர். தகரச் சேனலை நிறுத்தி, ஈரத்துக்கு ஊதாத சிமென்ட் போர்டு அடித்தோம். "சுவர் தொட்டியைத் தொடவே கூடாது சார். அரை இஞ்ச் கேப் விட்டு, பீடிங்கால மறைச்சுடுவோம். சுவர் ஷோவுக்கு. தாங்கறது ஸ்டாண்டுதான்" என்றார் வெல்டர். மேலே தீனி போட ஒரு கதவு, கீழே ஃபில்டரை எடுக்க ஒரு கதவு. இதை மட்டும் மறந்துவிட்டால், அழகாக ஃப்ரேம் போட்ட சுவரைப் பிறகு உடைக்க வேண்டியதுதான்.

உடனே மீன் விடலாம் என்று பார்த்தால் அதுவும் கூடாதாம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதைச் சாப்பிட்டு மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அத்தனை நாளும் லைட் எரிகிறது, தண்ணீர் ஓடுகிறது, மீன் இல்லை. ஆயா தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் பார்த்தார்.

"எங்கப்பா சின்ன வயசுல பட்டணம் போனப்ப பீச்சாண்ட கண்ணாடிக்குள்ள மீனு பாத்தாராம். சண்டைல மூடிட்டாங்கன்னு சொல்லுவாரு. நான் இப்பதான் பாக்கறேன்" என்றார்.

வாஸ்தவம்தான். 1909-ல் மெரீனாவில் திறந்த மீன் காட்சிசாலையை இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் மூடிவிட்டார்கள். ஆனால் ஆயா பார்த்துக்கொண்டிருந்தது மீன் இல்லாத தொட்டி! அதை நான் சொல்லவில்லை.

இப்போது பதினெட்டு மீன்கள். என் கணக்குப்படி தொட்டி என் சொத்து. இருப்பது அடுத்தவர் வீட்டில். இதை பாலன்ஸ் ஷீட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்று எனக்கு டியூஷன் எடுத்த வாத்தியார் சொல்லித்தரவில்லை.

போன வாரம் வெல்டர் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். இம்மி அசையவில்லை.

"இப்ப மேல யாரு படுக்கறாங்க சார்?"

"நாங்கதான்."

"அப்ப நிம்மதியாத் தூங்குங்க."

எங்கே தூங்குவது? ராத்திரி பதினோரு மணிக்கு ஆயா கைத்தடியால் படிக்கட்டு கிரில்லைத் தட்டுவார்.

"தம்பீ! அந்தக் கறுப்பு மீனு மூலையிலயே நிக்குது. இன்னான்னு வந்து பாரு!"