கேரி தீவின் உச்சியில் ரானா



தைப்பூசம் முடிந்து ஐந்தாறு நாள் போகட்டும். நிலவு தேய்ந்து, இரவு பத்து மணிக்கு மேல்தான் எழும். மழையும் ஓரளவு ஓய்ந்திருக்கும். அப்படி ஓர் இரவில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கேரி தீவுக்குப் போய் வாருங்கள். எட்டரை மணிக்கு உங்கள் தலைக்கு மேலே ஒரு விண்மீன் நிற்கும். பஞ்சாங்கத்தின் 27 நட்சத்திரங்களில் அதற்கு இடமில்லை. ஜாதகம் கணிப்பவர் யாரும் அதைத் தேடுவதில்லை. ஆனாலும் நம் சூரியன் பிற்காலத்தில் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பெயர் ரானா. எரிடானஸ் என்னும் நீண்ட விண்மீன் கூட்டத்தைச் சேர்ந்தது. வானியலாளர்கள் டெல்டா எரிடானி என்றும் குறிப்பிடுவார்கள். அது செம்மஞ்சள் நிறத் துணைப்பெருமீன். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் நடுவயதைக் கடந்துவிட்டது, ஆனால் இன்னும் பெருமீனாக ஊதிப் பெருக்கவில்லை. அந்த இடைக்காலத்தில் இருப்பதைத்தான் துணைப்பெருமீன் என்கிறார்கள்.

கேரி தீவுக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் மாடியில் நின்று பார்த்தால் மிகப் பிரகாசமான சில விண்மீன்கள் மட்டுமே தப்பிப் பிழைத்திருக்கும்; ரானா அவற்றில் இல்லை. கிள்ளான் நகரிலும் அதே கதைதான். தெலுக் பங்ளிமா காராங் பக்கம் வந்து, லங்காட் ஆற்றைப் பாலத்தில் கடந்து, செம்பனைத் தோட்டங்களுக்குள் புகுந்ததும் வானம் மாறுகிறது. அங்கேயும் முழு இருட்டு இல்லை. வடக்கே பூலாவ் இண்டாவின் துறைமுக விளக்குகள், தென்கிழக்கே சிப்பாங் விமான நிலையம், வடகிழக்கே கோலாலம்பூரின் செந்நிற மூட்டம். ஆனால் இந்த வெளிச்சமெல்லாம் அடிவானத்தை ஒட்டித்தான் அடர்ந்து கிடக்கும். உச்சிவானம் எப்போதும் சற்றுத் தெளிவு. நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகைக்குள் இருக்கும் இந்தத் தீவில் ரானா உச்சிக்கு 13 பாகை தெற்கே கடந்து போகிறது. வட ஐரோப்பாவில் இருப்பவருக்கு அது அடிவானப் புகைமூட்டத்துக்குள் தாழ்ந்து கிடக்கும் விண்மீன். நமக்கு அது உச்சியில்.

கண்டுபிடிப்பது எளிது. மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும் ஓரியனின் இடுப்பை முதலில் பிடியுங்கள். அதற்குத் தென்மேற்கே நீலவெள்ளையாக ஒளிர்வது ரிகெல். கையை நன்றாக நீட்டி, ரிகெலிலிருந்து நேர் மேற்கே ஒரு சாண் அளந்தால், கிட்டத்தட்ட ஒரே பிரகாசத்தில் இரண்டு விண்மீன்கள் அருகருகே தெரியும். இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. கிழக்கே இருப்பது ரானா. மேற்கே இருப்பது ரான். தென்கிழக்கில் இவற்றைவிடச் சற்றுக் கூடுதல் ஒளியோடு இன்னொன்று தெரியும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

இந்த இரண்டையும் சேர்த்தே பாருங்கள் என்று வற்புறுத்துவேன். ரான் நம்மிடமிருந்து 10.5 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது; ரானா 29.5 ஒளியாண்டு. ஏறக்குறைய மூன்று மடங்கு தள்ளி இருந்தும் ரானாதான் சற்றுப் பிரகாசம். இரண்டின் மேற்பரப்பு வெப்பமும் 5,000 கெல்வினை ஒட்டியே இருப்பதால் நிறமும் ஒன்றுதான். சூடும் ஒன்று, நிறமும் ஒன்று, ஆனால் தொலைவில் இருப்பது அதிகமாக ஒளிர்கிறது என்றால் அது உருவத்தில் பெரியதாகத்தான் இருக்க வேண்டும். அப்படியேதான் இருக்கிறது. ரானின் ஆரம் சூரியனுடையதில் முக்கால் பங்கு. ரானாவின் ஆரம் சூரியனுடையதைப் போல் இரண்டேகால் மடங்குக்கு மேல். சிலி நாட்டு மலையுச்சியில் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகம் தன் தொலைநோக்கிகளை இணைத்து ரானாவின் வட்டத்தை நேரடியாகவே அளந்திருக்கிறது. ரானுக்கு இன்னும் 100 கோடி வயதுகூட ஆகவில்லை. ரானாவோ 460 கோடி வயதான நம் சூரியனுக்கே மூத்தது. குழந்தையும் முதியவரும் ஒரே நிறச் சட்டையில் நம் தலைக்கு மேலே நிற்கிறார்கள்.

1960-இல் அமெரிக்க வானியலாளர் பிராங்க் டிரேக் வேற்றுலகிலிருந்து வானொலிச் சைகை ஏதும் வருகிறதா என்று முதன்முதலில் காதுகொடுத்துக் கேட்ட இரண்டு விண்மீன்களில் ரானும் ஒன்று. அதனால் ரானுக்குப் புகழ் அதிகம். எனக்கோ ரானாவின் மீதுதான் பிரியம், அதற்குக் காரணம் ஒரு தமிழர்.

விண்மீனின் மையத்தில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியமாகிறது. வெளிச்சமும் வெப்பமும் அதிலிருந்தே பிறக்கின்றன. மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்தால் என்ன ஆகும்? விறகடுப்பின் நடுவே சாம்பல் குவிந்துவிட்ட பிறகும் சுற்றியுள்ள விறகு எரிகிறதல்லவா? அதுபோல ஹீலியம் நடுவில் தங்கிவிட, அதைச் சூழ்ந்த அடுக்கில் ஹைட்ரஜன் எரிகிறது. மையம் சுருங்கும், வெளிப்பகுதி விரியும். விரிய விரிய மேற்பரப்பு குளிர்ந்து செம்மஞ்சளாகும். இந்த ஹீலியம் மையம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று 1942-இல் கணக்கிட்டவர்கள் இருவர்: பிரேசில் நாட்டு மாரியோ ஷோன்பெர்க், நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீனின் மொத்த நிறையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை மையம் எட்டிவிட்டால், மேலிருந்து அழுத்தும் பாரத்தை அதனால் தாங்க முடியாது. சூரியனைவிட மிகப் பெரிய விண்மீன்கள் இந்தக் கட்டத்தை விறுவிறுவென்று தாண்டிவிடுகின்றன. அவற்றை நடுவழியில் காண்பது அரிது. சூரியனையொத்த நிறையுள்ளவற்றில் மையம் மிகவும் அடர்ந்து போக, எலக்ட்ரான்களின் அழுத்தம் முட்டுக்கொடுக்கிறது. அதனால் அவை நிதானமாக நடக்கின்றன. ரானா நம் கண்ணில் படுவது இந்த நிதானத்தால்தான்.

சந்திரசேகர் எல்லை என்றதும் வெள்ளைக் குறுமீனைச் சொல்லும் மாணவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், மகிழ்ச்சி. மேலே சொன்ன கணக்கிலிருந்து, அவர் பெயரைத் தாங்கிய இன்னோர் எல்லையும் உண்டு என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் வாழ்ந்து, விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் ஆராய்ந்ததற்காக 1983-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்.

இனி சற்று வடக்கே திரும்பினால் ரோகிணி. அதன் நிறத்தைக் காணக் கருவி எதுவும் வேண்டாம். நிறையில் அது ஏறக்குறைய ரானாவைப் போன்றதுதான். ஆனால் ஆரம் சூரியனைப் போல் 44 மடங்கு. ரானா இனிமேல் போய்ச் சேரப்போகும் உருவம் அது. சூரியனுக்கும் இதே பாதைதான், இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டு கழித்து. ரான், ரானா, ரோகிணி மூன்றையும் ஒரே இரவில் கழுத்தைச் சற்றே திருப்பிப் பார்த்துவிடலாம்.

பிள்ளைகளிடம் இதையும் சொல்லலாம். இன்று நாம் காணும் ரானாவின் ஒளி புறப்பட்ட நேரத்தில், 1998-இல் திறக்கப்பட்ட சிப்பாங் விமான நிலையம் இன்னும் திறக்கப்படவில்லை. ரோகிணியின் ஒளி புறப்பட்டு 65 ஆண்டுகள் ஆகின்றன. அப்போது இந்த நாட்டின் தோட்டங்களில் ரப்பர்தான் கோலோச்சியது. நம் தாத்தா பாட்டிகள் இருட்டோடு எழுந்து, தோட்டத்தில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போனவர்கள். ஆடி மாத விடியலில் கிழக்கே கார்த்திகையும் ரோகிணியும் ஏறி நின்றதை அவர்கள் பால்வாளியோடு நடந்தபடி பார்த்திருப்பார்கள். அவர்களுக்கு இருந்த வானம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்பது என் தீராத ஆசை.

கேரி தீவில் மூன்றாவது துறைமுகம் வரும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக உண்டு. வேலை வாய்ப்புகள் வரட்டும். தீவின் பூர்வகுடிகளான மா மெரி மக்களின் வாழ்வும், மேலே இருக்கும் இந்த இருட்டும் கணக்கில் வரட்டும். விளக்குகளுக்கு மேல்மூடி போட்டு, வெளிச்சம் தரையை நோக்கி மட்டும் விழும்படி அமைப்பது பெரிய செலவில்லை. திட்டம் போடும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தோட்டத்து உட்சாலைகள் தனியார் நிலம், அனுமதியில்லாமல் நுழைய வேண்டாம். பொதுச்சாலை ஓரத்தில் வண்டியைப் பத்திரமாக நிறுத்த இடம் பாருங்கள். கொசு மருந்து கட்டாயம். கைப்பேசியை அணைத்துவிட்டு இருபது நிமிடமாவது கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். ரானா தெரிந்தாலும் வெறும் கண்ணுக்கு அதன் நிறம் மங்கலாகத்தான் தோன்றும். சாதாரண இருகண் நோக்கி ஒன்று இருந்தால் செம்மஞ்சள் தெளிவாகும். ரானையும் ரானாவையும் ஒரே வட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். பிள்ளைகளிடம் வண்ணப் பென்சில் கொடுத்து, கண்ட நிறத்தில் மூன்று விண்மீன்களையும் வரையச் சொல்லி நமக்கு அனுப்பிவையுங்கள். வந்து சேரும் படங்களை மாசி இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்